கரை தெரிகிற தண்ணீரில் கவிழ்ந்த கப்பல்கள்

சயான் ஸ்டேஷன் பெயர்ப் பலகையில் மராத்தியில் 'சீவ்' என்று எழுதியிருக்கும். எல்லை என்று பொருள். ஒரு காலத்தில் பம்பாய்த் தீவு இங்கேதான் முடிந்தது. அதற்கு அப்பால் சேறும் கழியும். அக்கரையில் சால்செட் தீவு. இக்கரை ஆள் அக்கரைக்குப் போக வேண்டுமானால் தோணிதான் கதி. 1800-களின் தொடக்கத்தில், கவர்னர் ஜோனாதன் டங்கன் காலத்தில், கழியின் குறுக்கே சாலை போட்டார்கள். 1853 ஏப்ரல் 16-ந் தேதி போரிபந்தரிலிருந்து தாணேவுக்குப் புறப்பட்ட நாட்டின் முதல் பயணிகள் ரெயிலும் இந்தச் சதுப்பைத் தாண்டித்தான் போயிற்று.

இன்று மித்தி நதிப் பாலத்தைக் கடக்கிறவர்கள் மூக்கைப் பொத்திக் கொள்கிறார்களே தவிர, இந்தப் பக்கம் படகு ஓடியது என்றால் நம்பமாட்டார்கள். கப்பல் விபத்து என்றாலே நடுக்கடல், சூறாவளி, பனிப்பாறை, டைட்டானிக் இவைதான் எல்லோருக்கும் நினைவு வரும்.

ஆனால் ஆற்றிலும் ஏரியிலும் காயலிலும் மூழ்கிய கப்பல்கள் ஏராளம். அந்தக் கதைகள் கடல் கதைகளைவிடக் கொடுமையானவை. ஏனென்றால் அங்கே கரை கண்ணுக்குத் தெரியும். கரையில் நிற்கிறவன் சட்டை நிறம்கூடத் தெரியும். நாலு கை வீசினால் எட்டிவிடலாம் என்று தோன்றும் தூரம். அப்படியிருந்தும் நூற்றுக்கணக்கில் மாண்டிருக்கிறார்கள். பல விபத்துகளில் காற்றையும் மழையையும் குற்றம் சொல்ல முடியாது. கூட்டம்தான் கப்பலைக் கவிழ்த்தது.

காலை எட்டரை மணிக்குச் சயானில் லோக்கல் பிடிக்கிறவர்களுக்குக் கூட்டம் என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வாசலில் ஒற்றைக் காலில் தொங்கினாலும் வண்டி போய்க்கொண்டிருக்கும். ரெயிலுக்கு அடியில் தண்டவாளம் இருக்கிறது. படகுக்கு அடியில் தண்ணீர் மட்டும்தான்.

பல்லனா வளைவில் போன கவிஞர்

செம்பூரிலும் மாதுங்காவிலும் தமிழர்களின் அடுத்த வீட்டுக்காரர்கள் மலையாளிகள். செம்பூர் ஸ்ரீ நாராயண மந்திர சமிதியைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கம் குறைவு. அந்த நாராயண குருவின் சீடர்தான் மகாகவி குமாரன் ஆசான். மலையாளிகளுக்கு அவர் யார் என்று கேட்டால், தமிழனிடம் பாரதியார் யார் என்று கேட்ட மாதிரி பார்ப்பார்கள்.

1873-ல் திருவனந்தபுரம் பக்கத்துக் கடலோரக் கிராமமான காயிக்கரையில் பிறந்தவர் ஆசான். பெங்களூர், சென்னை, கல்கத்தா என்று போய்ப் படித்தார். 1903-ல் தொடங்கிய ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகத்துக்கு முதல் செயலாளர் அவரே. 1907-ல் அவர் எழுதிய 'வீணபூவு' மலையாளக் கவிதையின் போக்கையே மாற்றியது. தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்ட ஒரு பெண், தாகத்தோடு வந்த புத்த பிட்சுவுக்குக் கிணற்றில் தண்ணீர் இறைத்துக் கொடுக்கிற கதையை 'சண்டாள பிக்ஷுகி' என்ற பெயரில் பாடினார். 1922-ல் இங்கிலாந்து இளவரசர் சென்னை வந்தபோது பட்டும் வளையும் கொடுத்து இவரைக் கௌரவித்தார்.

அப்படிப்பட்ட மனிதர் தண்ணீரில்தான் போனார்.

1924 ஜனவரி. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோவிலில் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் முறைஜபம் அப்போதுதான் முடிந்திருந்தது. தை பிறப்பையொட்டி லட்சதீபம் பார்த்துவிட்டு ஜனங்கள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வடக்கே போகிறவர்கள் கொல்லம் வரைக்கும் ரெயிலில் வரலாம். 1904-லேயே செங்கோட்டைப் பக்கத்திலிருந்து கொல்லத்துக்கு மலையைக் குடைந்து ரெயில் வந்துவிட்டது. 1918-ல் அது திருவனந்தபுரத்துக்கும் நீண்டது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர்களின் தாத்தாமார்களுக்கு அந்தக் குகைப் பாதை நன்றாகத் தெரிந்திருக்கும். ஆனால் கொல்லத்துக்கு வடக்கே தண்டவாளம் கிடையாது. கோட்டயம் வழியாக எர்ணாகுளத்துக்கு ரெயில் இணைந்தது 1958-ல்தான். ஆலப்புழை வழிக் கடலோரப் பாதை முடிந்ததோ 1992-ல்.

ஆகவே 1924-ல் கொல்லத்திலிருந்து ஆலப்புழைக்குப் போக நல்ல வழி தண்ணீர் வழியே. அஷ்டமுடிக் காயல், காயங்குளம் காயல், அவற்றை இணைக்கும் ஆறு, தோடு என்று தென்னந்தோப்புகளுக்கு நடுவே ராத்திரி பூராவும் படகு போகும். சாயங்காலம் ஏறிப் படுத்தால் விடியும்போது ஊர் வந்துவிடும். இப்போது நம்மவர்கள் தாதரில் ஏறிப் படுத்துக்கொண்டு போகிற மாதிரிதான்.

அந்த ராத்திரிப் படகு ஒன்றின் பெயர் 'ரிடீமர்'. தமிழில் சொன்னால் மீட்பர். 95 பேரை ஏற்றலாம் என்றிருந்த படகில் 130-க்கும் மேற்பட்டவர்கள் ஏறிவிட்டார்கள். திருவிழாக் கூட்டம். யாரை இறக்கிவிடுவது? மூட்டை முடிச்சுகள் வேறு. ஆசானும் ஏறினார்.

ஜனவரி 16-ந் தேதி, விடிவதற்கு முந்தைய இருட்டு. படகில் அநேகமாக எல்லோரும் தூக்கத்தில். திருக்குன்றப்புழையைத் தாண்டிப் பல்லனாவில் ஆறு ஒரு வளைவு வளைகிறது. அந்த வளைவில் படகு சாய்ந்தது. சாய்ந்த படகு நிமிரவில்லை. தூங்கினவர்கள் தூக்கத்திலேயே தண்ணீருக்குள் போனார்கள். மேலே இருந்தவர்கள் குதித்து நீந்தினார்கள். இரண்டு கரையும் பக்கத்தில்தான். பெரும்பாலோர் பிழைத்துக்கொண்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் ஆசான் ஒருவர். அவருக்கு வயது 50.

காயல் ஓரத்தில் பிறந்து வளர்ந்த மனிதர். அப்படிப்பட்டவர் ஓர் ஆற்று வளைவில் போய்ச் சேர்ந்தார் என்பதை மலையாள நாடு நீண்ட நாள் நம்ப முடியாமல் தவித்தது. சதிவேலை என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். ஆனால் 95 பேர் படகில் 130 பேர் இருந்தார்கள் என்ற கணக்கு ஒன்றே போதும், வேறு சதி தேவையில்லை. ஆசானின் உடலை அந்தக் கரையிலேயே அடக்கம் செய்தார்கள். அந்த இடத்துக்கு இப்போது குமாரகோடி என்று பெயர்.

கப்பல் ஏன் கவிழ்கிறது?

ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி இரண்டு கையாலும் தூக்கிப் பாருங்கள். லேசாகச் சரிந்தால் தண்ணீர் முழுவதும் அந்தப் பக்கம் ஓடும். ஓடிய தண்ணீரின் கனம் தாம்பாளத்தை இன்னும் சரிக்கும். படகில் ஏறிய ஜனங்களும் இந்தத் தண்ணீரைப் போலத்தான். அரிசி மூட்டை வைத்த இடத்தில் கிடக்கும். மனிதன் கிடக்கமாட்டான். பயந்தால் ஓடுவான். வேடிக்கை என்றாலும் ஓடுவான். எல்லோரும் ஒரே பக்கம் ஓடுவார்கள்.

இன்னொன்று, கனம் கீழே இருந்தால் படகு தள்ளாடினாலும் தானாக நிமிரும். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை எத்தனை தட்டினாலும் எழுந்து உட்காருவதற்கு அதன் அடியில் உள்ள கனம்தான் காரணம். பொம்மையின் தலையில் கல்லைக் கட்டினால் அது படுத்தே கிடக்கும். இரண்டு தட்டுப் படகில் மேல்தட்டு நிறைய ஆட்களை ஏற்றுவது தலையில் கல்லைக் கட்டுவதுதான்.

இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவில் சிகாகோ நகரம் 1915-ல் பார்த்தது. தொழிலாளர்களும் குமாஸ்தாக்களும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய சம்பவம் அது.

பிக்னிக் போகாத கப்பல்

சிகாகோ பக்கத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் என்ற டெலிபோன் சாமான் தயாரிக்கும் பெரிய தொழிற்சாலை இருந்தது. வேலை செய்தவர்களில் ஏராளமானோர் செக், போலந்து நாடுகளிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தினர். வருஷத்துக்கு ஒருநாள் தொழிலாளர் பிக்னிக். ஏரி வழியாக மிச்சிகன் சிட்டிக்குக் கப்பலில் போய்விட்டு வருவார்கள். பெண்டு பிள்ளைகளோடு, இருப்பதில் நல்ல உடுப்பை உடுத்திக்கொண்டு, சாப்பாட்டுக் கூடையோடு கிளம்புவார்கள்.

1915 ஜூலை 24, சனிக்கிழமை. நகரின் நடுவே ஓடும் சிகாகோ ஆற்றில், படகுத்துறையில் கட்டப்பட்டிருந்தது 'ஈஸ்ட்லண்ட்' கப்பல். காலை ஆறரை மணியிலிருந்து ஜனங்கள் ஏறினார்கள். சுமார் 2,500 பேர். லேசான தூறல் விழுந்ததால் நிறையப் பெண்களும் குழந்தைகளும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள்.

அந்தக் கப்பலுக்கு முன்பே தள்ளாட்டம் உண்டு. அதோடு, டைட்டானிக் மூழ்கிய பிறகு எல்லாக் கப்பலிலும் உயிர்காக்கும் படகுகள் கூடுதலாக வேண்டும் என்று ஒரு கூச்சல் எழுந்தது. ஈஸ்ட்லண்டின் மேல்தட்டிலும் அந்த மாதத் தொடக்கத்தில் படகுகளும் மிதவைகளும் கூடுதலாக ஏற்றினார்கள். உயிரைக் காக்க ஏற்றிய கனம் கப்பலின் தலையில் ஏறி உட்கார்ந்தது.

கப்பல் முதலில் கரைப் பக்கம் சாய்ந்தது. பிறகு ஆற்றுப் பக்கம் சாய்ந்தது. ஏழரை மணி தாண்டவில்லை, துறையை விட்டு நகரவும் இல்லை. அப்படியே படுத்துவிட்டது. அந்த இடத்தில் ஆழம் 20 அடிதான். கரை அதைவிடத் தூரம் இல்லை. உள்ளே இருந்தவர்கள் மேசை நாற்காலிகளுக்கு அடியில் சிக்கினார்கள். 844 பேர் மாண்டார்கள். கணவன், மனைவி, பிள்ளைகள் என்று முழுக் குடும்பமாகப் போனவை இருபதுக்கு மேல். தெருவில் டிராம் ஓடுகிறது, ஆபீசுகள் திறக்கிறார்கள், அந்தத் தெருவின் ஓரத்திலேயே இத்தனையும் நடந்து முடிந்துவிட்டது.

வழக்கு பல வருஷம் நடந்தது. பெரிய தண்டனை யாருக்கும் இல்லை. கப்பலைத் தூக்கி நிறுத்திக் கடற்படைக்கு விற்றார்கள். அது 'வில்மெட்' என்று பெயர் மாறி இரண்டாம் உலகப் போர் முடிகிற வரைக்கும் பயிற்சிக் கப்பலாக மிதந்தது. செத்தவர்களைவிடக் கப்பலுக்கு ஆயுசு கெட்டி!

அதற்கும் 50 ஆண்டுகள் முந்தி, 1865 ஏப்ரலில், மிசிசிப்பி ஆற்றில் 'சுல்தானா' என்ற நீராவிக் கப்பலின் கொதிகலன் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 376 பேருக்கு அனுமதி பெற்ற அந்தக் கப்பலில், உள்நாட்டுப் போரில் சிறைப்பட்டு விடுதலையான சிப்பாய்களாக ஏறக்குறைய 2,000 பேரைத் திணித்திருந்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று கப்பல்காரருக்கு அரசாங்கப் பணம். தலைக்கு இவ்வளவு என்று கணக்கு வைக்கிற இடத்தில் தலை கூடத்தானே செய்யும்?

பம்பாயின் 'ராமதாஸ்'

அமெரிக்கா வரைக்கும் போக வேண்டாம். சயானிலிருந்து சில மைல் தூரத்தில், மஜ்காவ் பக்கம் பாவ்சா தக்கா இருக்கிறது. மீன் வாங்கப் போகிறவர்களுக்குத் தெரியும். 1947 ஜூலை 17-ந் தேதி காலை எட்டு மணிக்கு அங்கிருந்து 'ராமதாஸ்' என்ற ஸ்டீமர் ரேவஸுக்குப் புறப்பட்டது. துறைமுகத்தின் ஒரு கரையிலிருந்து எதிர்க்கரைக்குப் போகிற சர்வீஸ். நீண்ட பயணம் அல்ல. ஆஷாட அமாவாசையை ஒட்டி ஊருக்குப் போகிறவர்கள், மில் தொழிலாளிகள், மீன்காரப் பெண்கள் என்று சுமார் 700 பேர்.

ஆனி, ஆடிக் காற்று. புறப்பட்டு அரைமணி நேரத்தில் கல் ஐலண்ட் என்ற பாறைத் தீவின் பக்கம் பெரிய அலை மோதியது. கப்பல் ஒரு பக்கம் சாய, பயந்த ஜனங்கள் மறுபக்கம் ஓட, கப்பல் கவிழ்ந்தது. 600-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கப்பலில் வயர்லெஸ் கிடையாது. காலையில் மூழ்கிய கப்பலைப் பற்றிய செய்தி பல மணி நேரம் கழித்தே நகரத்துக்குத் தெரிந்தது. மீன்பிடித் தோணிக்காரர்கள் சிலரைத் தூக்கிக் காப்பாற்றினார்கள். சுதந்திரத்துக்கு இன்னும் 29 நாள் இருந்தது. நாடு முழுவதும் வேறு பரபரப்பில் இருந்ததால் ராமதாஸ் செய்தி சீக்கிரமே அமுங்கிவிட்டது. கொங்கண் ஜனங்கள் மட்டும் மறக்கவில்லை.

மதுரைக்குத் தண்ணீர் தரும் ஏரி

தமிழர்களுக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது தேக்கடி விபத்து. பென்னிகுயிக் கட்டி 1895-ல் முடித்த முல்லைப் பெரியாறு அணையால் உண்டான ஏரி அது. மதுரை, தேனி வயல்களுக்குப் போகிற தண்ணீர். காட்டை மூழ்கடித்து உண்டான ஏரி என்பதால், பட்டுப்போன மரங்கள் இன்றைக்கும் தண்ணீருக்கு மேலே குச்சி குச்சியாக நிற்கும். அதற்கு நடுவே படகில் போய், கரைக்குத் தண்ணீர் குடிக்க வரும் யானையையும் காட்டெருமையையும் பார்ப்பதுதான் தேக்கடியின் விசேஷம்.

2009 செப்டம்பர் 30-ந் தேதி மாலை, கேரளச் சுற்றுலாக் கழகத்தின் 'ஜலகன்யகா' படகு புறப்பட்டது. இரண்டு தட்டு. புதிய படகு. பயணிகள் பெரும்பாலும் தமிழ்நாடு உள்ளிட்ட வெளி மாநிலத்தவர். மணக்கவலை என்ற இடத்தில் கரையில் மிருகங்கள் தெரிந்தன. பார்க்கிற ஆசையில் ஜனங்கள் ஒரு பக்கமாக நகர்ந்தார்கள். படகு சாய்ந்தது. 45 பேர் இறந்தார்கள். காற்று இல்லை, அலை இல்லை. காட்டெருமை பார்க்கப் போனார்கள், அவ்வளவுதான். படகின் அமைப்பையும், ஏற்றிய ஆட்களின் எண்ணிக்கையையும், லைப் ஜாக்கெட் போடாததையும் பற்றி விசாரணைகளில் விரிவாகப் பேசினார்கள்.

அதற்கு ஏழு ஆண்டு முந்தி, 2002 ஜூலை 27-ந் தேதி விடியற்காலை, வேம்பநாட்டுக் காயலில் முகம்மாவிலிருந்து குமரகம் போன அரசுப் படகு மூழ்கி 29 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் கோட்டயத்தில் நடக்கவிருந்த அரசு வேலைப் பரீட்சைக்குப் போனவர்கள். பரீட்சை என்றால் அடுத்த படகுக்குக் காத்திருக்க முடியுமா? ஏறினார்கள். ஓர் உத்தியோகத்துக்காகப் பல ஊர் தாண்டி வந்து பம்பாயில் கிடக்கிறவர்களுக்கு அந்த அவசரம் புரியும்.

சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரியில் 2011 கிறிஸ்துமஸ் அன்று உல்லாசப் பயணம் போன படகு கவிழ்ந்து 22 பேர். 2023 மே 7-ந் தேதி மலப்புறம் மாவட்டம் தானூரில், மீன்பிடி படகை மாற்றி உல்லாசப் படகாக்கி ஓட்டியதில் 22 பேர், பாதிக்கு மேல் குழந்தைகள்.

உள்நாட்டு நீர்வழிக் கப்பல்களுக்கு 1917-லேயே சட்டம் உண்டு. அதை மாற்றி 2021-ல் புதுச் சட்டம் வந்தது. தானூர் விபத்து அதற்குப் பிறகு நடந்ததுதான். ஒவ்வொரு விபத்துக்கும் ஒரு கமிஷன் போட்டார்கள். குமரகத்துக்கு நீதிபதி நாராயண குருப்பு கமிஷன், தேக்கடிக்கு நீதிபதி மொய்தீன் குஞ்ஞு கமிஷன். எத்தனை பேர் ஏறலாம் என்பதைப் படகில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் எழுது, ஆளை எண்ணி ஏற்று என்பதில் புதுமை எதுவும் இல்லை. பல்லனாவிலேயே எல்லோருக்கும் புரிந்த சங்கதி. டிக்கெட் கிழிக்கிறவன் எண்ணமாட்டான். ஏறுகிறவனும் எண்ணுவதில்லை.

2024 டிசம்பர் 18-ந் தேதி, கேட்வேயிலிருந்து எலிபெண்டாவுக்குப் போன 'நீல்கமல்' படகு மீது கடற்படையின் வேகப்படகு மோதி 15 பேர் உயிரிழந்தார்கள். அங்கே காரணம் மோதல். ஆனாலும் படகில் இருந்தவர்களில் பெரும்பாலோர் லைப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. அதன் பிறகே கேட்வேயில் ஜாக்கெட்டைக் கட்டாயமாக்கினார்கள்.

விருந்தாளிகள் ஊரிலிருந்து வந்தால் எலிபெண்டா கூட்டிப்போகாத தமிழ்க் குடும்பம் உண்டா? ஜாக்கெட் அழுக்காக இருக்கிறது, போட்டோவில் சேலை மறைகிறது என்று கழற்றிவிடுகிறார்கள். கரைதான் தெரிகிறதே என்கிறார்கள். படகு புறப்படும் முன்பு ஆள் கணக்குப் பலகை எங்கே என்று கேட்பதற்கு ஒரு நிமிஷம் போதும். மேல்தட்டு நிரம்பியிருந்தால் அடுத்த படகில் போகலாம். படகு சாய்ந்தால் எழுந்து ஓடாமல் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பது, கூட வந்த பிள்ளைகளுக்கும் முன்னதாகச் சொல்லி வைக்க வேண்டிய விஷயம்.

குர்லா டெர்மினசிலிருந்து திருவனந்தபுரம் போகும் நேத்ராவதி எக்ஸ்பிரஸ் ஆலப்புழை வழியாகத்தான் போகிறது. அம்பலப்புழை தாண்டி ஹரிப்பாடு வரும். இறங்கி மேற்கே கடற்கரைப் பக்கம் போனால் பல்லனா. குமாரகோடியில் ஆசானின் நினைவிடம் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. எதிரே வளைவு. தண்ணீர் அசையாமல் கிடக்கும். அக்கரையில் யாராவது பேசினால் இக்கரையில் கேட்கும்.